உடைக்காத சொல்

என் வீட்டுக்காரருக்கு நர்சிங் கல்லூரியில் வால் வாத்தியார் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளியே தலையைச் சொறிவார்.

அவர் நடத்துவது மருத்துவச் சொற்கள். வாயில் நுழையாத சொல் எதைக் கொடுத்தாலும், முதலில் வாலைப் பிடி என்பார். என்ன நடந்திருக்கிறது என்பதை வால் சொல்லும். உள்ளேயா வெளியேயா, கூடுதலா குறைவா என்பதைத் தலை சொல்லும். எந்த உறுப்பு என்பதை நடுவில் இருக்கும் உடம்பு சொல்லும். எண்டோகார்டைட்டிஸ் என்றால் பிள்ளைகள் பயப்படுவார்கள். இவர் மூன்றாக உடைப்பார். ஐட்டிஸ், அழற்சி. எண்டோ, உள்ளே. கார்டி, இதயம். இதயத்தின் உட்பக்கத்தில் அழற்சி, அவ்வளவுதான், இதற்குப் போய் அழுவதா என்பார்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், நான் தையல்காரி. முன்னறையில் என் மெஷின். ஆஸ்பத்திரிக்குக் கோட்டுகளும் கல்லூரிக்குச் சீருடைகளும் தைக்கிறேன். மறுநாள் பாடத்தை மனுஷர் அந்த மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்லிப் பார்ப்பார். கல்யாணமான நாளிலிருந்து இல்லை, வாத்தியாரான நாளிலிருந்து. காதை மூடிக்கொண்டு தைக்க முடியாதே, அதனால் எல்லா வாலும் எனக்கு அத்துப்படி.

வகுப்பில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. உடைக்காத சொல் வீட்டுக்குப் போகக் கூடாது. யார் எந்தச் சொல்லைக் கேட்டாலும் அங்கேயே, அப்போதே, பலகையில் எழுதி உடைத்தாக வேண்டும். ஒரு தடவை, வகுப்பைக் கூட்டிப் பெருக்க வந்த அம்மா தன் மாத்திரைச் சீட்டில் இருந்த சொல்லைக் கேட்டார் என்று பாடத்தை நிறுத்திவிட்டு அதை உடைத்தவர். உடைத்தபிறகு கடைசியாக ஒரு கேள்வி கேட்பார். இந்தச் சொல் யார் மேலே விழுந்திருக்கிறதோ, அந்த ஆள் நாளைக்குக் காலையில் எப்படி இருப்பார்? இதற்குப் பதில் சொல்லாதவர்களுக்கு மதிப்பெண் கிடையாது. பிள்ளைகள் முழித்தால், “வாயுள்ள பிள்ளை பிழைக்கும், வாயத் திறங்க” என்பார்.

அப்படிப்பட்டவருக்குத் தொண்டை கட்டியது. சுண்ணாம்புத் தூசு என்றார். மழைக்காலம் முடிந்து வெயிலும் வந்துவிட்டது, கட்டு விடவில்லை. நான் திட்டித் திட்டி என் தொண்டையும் கட்டும் நிலைக்கு வந்தபிறகு, தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வந்தவரிடம் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். லாரிங்கோஸ்கோப்பி என்றார்.

நான் உடனே உடைத்துக்கொண்டேன். ஸ்கோப்பி, உள்ளே விட்டுப் பார்ப்பது. லாரிங்கோ, குரல்வளை. பார்த்திருக்கிறார்கள், வேறொன்றும் இல்லை. நாத்தனாருக்கும் என் தம்பிக்கும் போன் போட்டு, சும்மா பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்று நானே சொன்னேன். இந்த வால் தலையெல்லாம் தெரியாத ஒருத்தி இருந்திருந்தால் பார்த்ததில் என்ன தெரிந்தது என்று நாலு கேள்வி கேட்டிருப்பாள். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! கேட்கவில்லை.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குக் கோட்டுகள் கொடுக்கப் போனேன். ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் ஒருத்தி, இவரிடம் படித்தவள், என்னைப் படிக்கட்டு ஓரமாகக் கூட்டிப்போனாள்.

“அக்கா, நீங்களாவது சொல்லக் கூடாதா? சார் ஆபரேஷனே வேண்டாம்னுட்டுப் போயிட்டாரே.”

எந்த ஆபரேஷன் என்று கேட்டேன். அவள் முகம் விழுந்துவிட்டது. எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டாள், பாவம். இனி மறைத்துப் பயனில்லை என்று அந்தச் சொல்லை மெதுவாகச் சொன்னாள். லாரிஞ்செக்டமி.

பாழாய்ப்போன பழக்கம், மனசு தானாக வாலைப் பிடித்தது. எக்டமி, வெட்டி எடுத்துவிடுவது. எதை என்று பார்க்க வேண்டியதே இல்லை. படியில் உட்கார்ந்துவிட்டேன்.

எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டேன். ஒரு வருஷம் போனால் பெரிது என்று சாரிடமே டாக்டர் சொல்லிவிட்டாராம். மருந்தும் கதிர்வீச்சும் மட்டும் போதாதாம். இப்போதே எடுத்துவிட்டால் நன்றாக இருப்பாராம், கழுத்தில் ஓட்டை வழியாக மூச்சு, பேச்சு மட்டும் இருக்காது, பின்னால் பழகினால் கருவி வைத்து ஏதோ பேசலாமாம்.

வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கல்லூரிக்கு பஸ் ஏறினேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். வீட்டில் வைத்துக் கேட்டால் மழுப்புவார், எழுந்து குளிக்கப் போய்விடுவார். அவர் மழுப்ப முடியாத இடம் ஒன்றுதான் உண்டு.

வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். சீருடைக்கு அளவெடுக்க வந்திருக்கிறேன் என்று பிள்ளைகள் நினைத்திருப்பார்கள், நகர்ந்து இடம் விட்டார்கள். அவர் பார்த்தார். சாக்பீஸ் ஒரு நிமிஷம் நின்றது, பிறகு எழுதியது. குரல் உப்புத்தாள் தேய்ப்பது மாதிரி இருந்தது. முன்பெஞ்சுப் பிள்ளைகள் கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் கையைத் தூக்கினேன்.

“சார், ஒரு சொல். லாரிஞ்செக்டமி. உடைச்சுக் காட்டுங்க.”

அவர் என்னையே பார்த்தார். நானும் கண்ணை எடுக்கவில்லை. முடியாது என்று சொல்லியிருந்தால் அந்த வகுப்பில் அதுதான் அவர் உடைக்காமல் விட்ட முதல் சொல். திரும்பி, பலகையில் எழுதினார். எழுத்து கோணவில்லை. நடுவே ஒரு கோடு போட்டார்.

அவர் கேட்பதற்கு முன்பே பிள்ளைகள் கோரஸாகச் சொன்னார்கள். எக்டமி, வெட்டி எடுப்பது. லாரிங்கோ, குரல்வளை. அவர்களுக்கு என்ன தெரியும்? நன்றாகப் படித்த பிள்ளைகள், சத்தமாகச் சொன்னார்கள்.

கடைசிக் கேள்வியை அவர் கேட்கவில்லை. சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். நான்தான் கேட்டேன்.

“அந்த ஆள் நாளைக்குக் காலையில எப்படி இருப்பார்?”

“பேச முடியாது சார்,” என்றாள் முன்பெஞ்சுக்காரி ஒருத்தி, அவரைப் பார்த்தே.

அவர் தலையை ஆட்டினார், அதுதான் பதில் என்பது போல. பலகையை அழிக்கத் துணியை எடுத்துவிட்டார். அப்போது என் பக்கத்தில் இருந்த பெண், வாயே திறக்காதவள் போலிருக்கிறது, எழுந்து நின்றாள்.

“உயிரோட இருப்பார் சார்.”

அவர் துணியைக் கீழே வைத்தார். முழு மதிப்பெண் என்றார். குரல் அதற்குமேல் வரவில்லை. மணி அடிக்கும் முன்பே பிள்ளைகளை அனுப்பிவிட்டார்.

காலி வகுப்பில் நாங்கள் இருவரும் முன்பெஞ்சில் உட்கார்ந்தோம். திட்ட வேண்டும் என்று சேர்த்து வைத்ததெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன்.

“குரல் போன வாத்தியாரை வச்சு நீ என்ன பண்ணுவ?”

“நான் என்ன வாத்தியாரையா கட்டிக்கிட்டேன்? அப்ப நீங்க மருந்துக் கடையில பொட்டலம் கட்டிட்டு இருந்தீங்க. எனக்கு ஆள் வேணும்.”

அவர் அழுதார். நானும் அழுதேன், சொல்வதில் என்ன வெட்கம். மறுநாள் இருவருமாகப் போய்த் தேதி வாங்கினோம்.

அந்தத் தேதி வரும்வரை மனுஷர் வாயை மூடவில்லை. தங்கைக்குப் போன் போட்டு அவள் சின்ன வயதில் செய்த சேட்டையெல்லாம் சொன்னார். செய்தித்தாளை விளம்பரம் விடாமல் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன். ஆனால் எனக்குள் ஒரு ஆசை இருந்தது. கடைசியாக எனக்கென்று ஏதாவது சொல்லுவார், ஆயுசுக்கும் அதை வைத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன்.

அன்று காலை தியேட்டர் வாசலில் தள்ளுவண்டியை நிறுத்தினார்கள். கையை ஆட்டி என்னைக் கூப்பிட்டார். குனிந்து காதைக் கொடுத்தேன்.

“அடுப்புல கேஸை மூடினியா?”

எனக்கு வந்த எரிச்சல்! “மூடியாச்சு, போங்க,” என்றேன். கதவு சாத்திக்கொண்டது.

இப்போது நன்றாக இருக்கிறார். உடம்பு தேறிவிட்டது. கருவியெல்லாம் இன்னும் பழகவில்லை. வகுப்புக்குப் போகிறார், பலகையில் எழுதிவிட்டுத் தள்ளி நிற்கிறார், பிள்ளைகள் சத்தமாக உடைக்கிறார்கள். கடைசிக் கேள்வியை எழுதி வைத்துவிட்டு யாராவது எழுந்திருக்கும்வரை நிற்கிறாராம்.

வெளியே கிளம்பும்போது கதவைச் சாத்திப் பூட்டைப் போட்டதும் சாவியைத் திருப்பாமல் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்.

“மூடிட்டேங்க,” என்கிறேன்.

அதற்குப் பிறகுதான் சாவியைத் திருப்புகிறார்.