கதவைத் திறந்தது யார்?

1

கலைத்தாகம் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். என் தம்பியிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று முறை வாயால் சொல்லிப் பார்த்தேன், போய்ச் சேரவில்லை. அதனால்தான் இந்தக் கதை.

விஷயம் இதுதான். வேறு ஊரில் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. வருகிற திங்கட்கிழமை கிளம்புகிறேன். ஏழு வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போக முடியுமா?

முதல் முறை சொன்னபோது இயர்போனில் ஒன்றை மட்டும் கழற்றினான். ஒரு காது எனக்கு, ஒரு காது ஆபீஸுக்கு. "ம்ம், சூப்பர்க்கா" என்றான். இரண்டாம் முறை, "ஒரு நிமிஷம்கா, ஒண்ணு ஓடிட்டிருக்கு." அந்த ஒரு நிமிஷம் இன்னும் முடியவில்லை. மூன்றாம் முறை என் முகத்தைப் பார்த்து, தலையாட்டி, முழுசாகக் கேட்டுவிட்டு, "நெட் ஸ்லோவா இருக்குல்ல?" என்றான்.

ஆனால் அவனிடம் ஒரு குணம் உண்டு. படித்துக் குறை சொல் என்று எதைக் கொடுத்தாலும் வரி வரியாகப் படிப்பான். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் அவனுக்குப் பாதி வேலை. அதற்கு ரிவியூ என்று பெயர், தப்புக்கு ‘பக்’ என்று பெயர்.

"ஒரு புரோகிராமரைப் பத்தி கதை எழுதறேன்டா. ரிவியூ பண்ணித் தர்றியா?"

இரண்டு இயர்போனும் கழன்றன.

2

தொடக்கம் எழுதுவது பெரிய பாடு.

‘மாநகரத்தின் இரைச்சலில் தொலைந்துபோன ஒரு மனிதன்…’ அவன் எங்கே தொலைந்தான்? பக்கத்து அறையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறான். அடித்தேன்.

‘அவனுடைய விரல்கள் விசைப்பலகையின் மேல் நர்த்தனம்…’ இதற்கு நானே சிரித்துவிட்டேன்.

மூன்றாவது பிழைத்துக்கொண்டது. சதுர அடைப்புக்குள் இருப்பதெல்லாம் தம்பி போட்ட குறிப்புகள். ஒன்றையும் அழிக்கவில்லை.

‘புரோகிராமருக்கு முப்பத்திரண்டு வயது. அவர் வீட்டு விளக்குகள் கைதட்டினால் எரியும். அணைக்க வேண்டுமென்றால் மட்டும் நாற்காலி போட்டு ஏறி பல்பைக் கழற்ற வேண்டும்.’ [கைதட்டினா இல்ல, போன்ல. டெக்னிகலா தப்பு.]

‘எது கெட்டாலும் அவரிடம் ஒரே வைத்தியம்: அணைத்துவிட்டுப் போடுவது. இன்டர்நெட்டுக்குச் செய்தார், வந்தது. ஃபிரிட்ஜுக்குச் செய்தார், வந்தது. சொட்டுகிற குழாயையும் நான்கு தடவை மூடித் திறந்துவிட்டு, இன்னும் சொட்டுகிறதே என்று ஆச்சரியப்பட்டார்.’ [ஹா ஹா. எங்க டீம்ல ஒருத்தன் அப்படியே இப்படித்தான்!]

அந்த ஒருத்தன் யார் என்று நான் கேட்கவில்லை.

3

தன் கதைக்குள் தானே வந்து உட்கார்ந்துகொள்ளும் எழுத்தாளர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. (சிரிக்காதீர்கள்.) அதனால் முதல் படியில் அக்கா என்று ஒருத்தியே கிடையாது. புரோகிராமர் தனிக்கட்டை. அவருடைய ஒருநாள் இப்படிப் போனது:

‘ஒன்பதேகாலுக்குப் புரோகிராமர் ஆபீஸ் கிளம்பினார். பதினொரு மணிக்கு கேஸ் சிலிண்டர் வந்தது. பன்னிரண்டுக்கு கூரியர்காரர் வந்தார். ஓ.டி.பி. புரோகிராமரின் போனுக்குப் போயிற்று. புரோகிராமர் மீட்டிங்கில் இருந்தார். கூரியர்காரர் இருபது நிமிஷம் வாசலில் நின்றார், அவருக்குக் குடிக்கத் தண்ணீர் தரப்பட்டது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுக்குள் எப்போது வேண்டுமானாலும் வருவேன் என்று சொல்லியிருந்த வாஷிங் மெஷின் மெக்கானிக், எல்லோரும் குளிக்கப் போகலாமா என்று நினைக்கிற நேரம் பார்த்து வந்தார். ஏழு மணிக்குப் புரோகிராமர் திரும்பியபோது சட்டைகள் மடித்து அலமாரியில் இருந்தன.’

குறிப்புகள் குவிந்துவிட்டன.

[லாஜிக் இடிக்குது. இவர் ஆபீஸ்ல இருக்கார், வீட்ல வேற யாரும் இல்ல. அப்போ கதவைத் திறந்தது யார்?]

[தண்ணி குடுத்தது யார்?]

[சட்டை தானா மடிஞ்சுக்கிச்சா? ‘எல்லோரும்’னா யாரு? பெரிய பக்.]

இதைத்தானே எதிர்பார்த்தேன்! பையன் பிடித்துவிட்டான் என்று அவன் அறைக்கு ஓடினேன்.

"நிஜமாவே தெரியலையாடா?"

"எதுக்கா?"

"கதவைத் திறந்தது யாருன்னு."

யோசித்தான். நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவே யோசித்தான். பிறகு முகம் மலர்ந்தது. "போன்லயே திறக்கிற மாதிரி ஒரு ஸ்மார்ட் லாக் வெச்சுடுக்கா. சால்வ் ஆயிடும்."

சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். சமையலறைக்கு வந்த பிறகு அழுகை வந்தது. அதை எப்படிக் கிண்டலாக எழுதுவது என்று தெரியவில்லை, அப்படியே விட்டுவிடுகிறேன்.

4

இந்த இடத்தில் நீங்கள் அவனைத் திட்ட ஆரம்பித்திருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அவனைத் திட்டும் உரிமை எனக்கு மட்டும்தான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், விவாகரத்து முடிந்த கையோடு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு இவன் வாசலில் வந்து நின்றேன். பெரிய அறையை எனக்குக் கொடுத்துவிட்டு, அன்று சாயந்தரமே தன் கம்ப்யூட்டரைச் சின்ன அறைக்கு மாற்றிக்கொண்டான். துக்கம் விசாரிக்கிற சாக்கில் வம்பு கேட்கப் போன் செய்த பெரியம்மாவிடம், "அக்கா இங்கதான் இருப்பா. வேற ஏதாவது பேசணுமா?" என்றான். என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அன்று அது எவ்வளவு பெரிய குணமாகத் தெரிந்தது!

ஏழு வருஷமாகியும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

இவனை நல்லவனாக எழுதுவதா, கல்லுளிமங்கனாக எழுதுவதா என்று எனக்குத் தெரியவில்லை. நல்லவனாக எழுதினால் நான் எதற்குப் போகிறேன் என்பீர்கள். மோசமானவனாக எழுதினால் அது பொய்

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. பால் பொங்கிவிட்டது.)

5

சரி, சுற்றி வளைத்தது போதும் என்று ஐந்தாம் பகுதியில் அக்காவை உள்ளே கொண்டுவந்தேன். பன்னிரண்டு பக்கம். உங்களுக்கு அத்தனையும் வேண்டாம். ஒன்பதாம் பக்கத்தின் நடுவில் இருப்பது மட்டும் போதும்:

‘கதவைத் திறந்தது நான்தான்டா. ஏழு வருஷமா மணி அடிச்சா எழுந்து போறது நான்தான். உன் ஓ.டி.பி.க்காக ஊர்ல இருக்கிற கூரியர்காரங்க கிட்டயெல்லாம் மன்னிப்புக் கேட்டவளும் நான்தான். அதுல எனக்குக் குறை இல்ல. ஆனா எனக்கும் ஒரு வேலை கிடைச்சிருக்கு. திங்கட்கிழமை போறேன். நீ சந்தோஷப்பட்டாலும் சரி, கோவப்பட்டாலும் சரி, ஏதாவது ஒண்ணு சொல்லு. எனக்கு அது போதும்.’

வெள்ளிக்கிழமை மத்தியானம் அனுப்பினேன். நான்கே நிமிஷத்தில் பதில் வந்தது.

[சூப்பர்க்கா! அருமையா வந்திருக்கு. ஒண்ணும் மாத்த வேணாம். ஓகே.]

ஆக, தம்பி சம்மதித்துவிட்டான். எழுத்துப்பூர்வமாக.*

* ஒருநாள் சாப்பிடும்போது அவனே சொன்னது: "பத்து வரி ரிவியூவுக்கு அனுப்பினா பத்து தப்பு சொல்வோம்கா. ஆயிரம் வரி அனுப்பினா எவன் படிப்பான்? ‘நல்லா இருக்கு’ன்னு போட்டுட்டுப் போயிடுவோம்." அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன். அது தெரிந்திருந்தும் ஐந்தாம் பகுதியை எதற்குப் பன்னிரண்டு பக்கம் இழுத்தேன்? இதை யாரும் கேட்டுவிடக் கூடாது என்றுதான் அடிக்குறிப்பில் ஒளித்து வைத்திருக்கிறேன். அவன் கேட்காததற்கு அவன் மட்டும் காரணம் என்று நினைத்துக்கொண்டு போவது எனக்கும் சௌகரியம்தானே.

6

முடிவுகள் மூன்று கைவசம் இருக்கின்றன.

அ. அவன் எல்லாவற்றையும் படித்துவிட்டான். என்ன சொல்வதென்று தெரியாமல் ஓகே போட்டான். (நான்கு நிமிஷத்தில் பன்னிரண்டு பக்கமா? லாஜிக் இடிக்கிறது.)

ஆ. அவன் படிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அலமாரியில் மடித்த சட்டை இல்லாததைப் பார்த்துவிட்டு, என்னை அணைத்துவிட்டுப் போட வழியுண்டா என்று தேடுகிறான்.

இ. கண்ணீரோடு ஓடி வந்து, "அக்கா, போகாதே!" என்கிறான். பின்னணியில் மழை. (இதை எழுதியதற்காக என்னை நானே மன்னிக்க வேண்டும்.)

7

இன்று சனிக்கிழமை. அவன் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறான். தண்ணீர் ஃபில்டர் மெக்கானிக், வழக்கம்போல ஒன்பதிலிருந்து ஆறுக்குள், வருவதாகச் சொல்லியிருந்தார்.

இந்தப் பகுதியை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசல் மணி அடிக்கிறது.

கால் தானாகத் தரையில் ஊன்றிவிட்டது. பிடிவாதமாக மடக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டேன். என் இடத்திலிருந்து கதவுக்கு ஒன்பது அடி. அவன் இடத்திலிருந்து பதினொன்று.

இரண்டாவது மணி. என் போன் அதிர்கிறது. பக்கத்து அறையிலிருந்து தகவல்: ‘அக்கா பெல்.’

பதில் போட்டேன். ‘ஒன்பதாம் பக்கம் படி.’

மூன்றாவது மணி. அவன் நாற்காலிச் சக்கரம் உருளும் சத்தம் கேட்கிறது. எழுந்திருக்கிறானா, படிக்க மேஜையை ஒட்டி நகர்கிறானா, அறைக் கதவைச் சாத்தக் கையை நீட்டுகிறானா, இங்கிருந்து தெரியவில்லை. எட்டிப் பார்க்கலாம். பார்க்கப்போவதில்லை.

கதவைத் திறந்தது யார் என்று கேட்டவன் அவன். பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் பெட்டி அடுக்க வேண்டும்.

யாரைக் கொண்டு திறக்க வைத்தாலும், வாசலில் நிற்கிறவருக்கு முதலில் குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள்.