ஒரு வினாடி சும்மா இருந்த குரங்கு

உசூத் அருவிக்கரையில் இட்டோவுக்கு வைத்த பெயர் ‘புகை இட்டோ’. அருவி பாலாக வழிய வேண்டும் என்று கேமராவின் கண்ணை ஒரு முழு வினாடி திறந்து வைப்பாள். அருவி பாலாகிவிடும். எதிர்ப் பாறையில் உட்கார்ந்த குரங்கும் அதற்குள் தலையைத் திருப்பி, முதுகைச் சொறிந்து, புகையாகிவிடும். மூன்று வருடமாகப் படப் போட்டிக்கு அவள் அனுப்பியதெல்லாம் புகைதான். இந்த முறையும் அப்படியே ஆனால் அந்தப் பெயர் சாகும்வரை போகாது.

படம் அனுப்ப இன்று கடைசி நாள். வெயில் பாறைமேல் விழுந்துவிட்டால் படம் வெளுத்துப்போகும். அதற்கு இன்னும் அரை மணி நேரம்கூட இல்லை.

“ஒரு வினாடி சும்மா இருக்கத் தெரியுதா பாரு இந்தச் சனியனுக்கு!” என்றான் அவள் தம்பி பாஸ்ஸூ. அருவிப் பாதையில் டீக்கடை வைத்திருப்பவன். துணைக்கு வருகிறேன் என்று கெட்டிலும் கையுமாக வந்திருந்தான்.

“நீ வாயை மூடு. உன் சத்தத்துலதான் அது திரும்புது.”

பாஸ்ஸூ முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு தனக்கு ஒரு கிளாஸ் புதினா டீ ஊற்றினான். கோபம் வந்தால் அவன் கை வழக்கத்தைவிட உயரப் போகும். தலைக்கு மேலிருந்து டீ மெல்லிய கம்பியாக இறங்கியது. குரங்கு சொறிவதை நிறுத்தியது. வாயைப் பிளந்துகொண்டு அந்தக் கம்பியையே பார்த்தது.

“டேய், கிட்ட போய் ஊத்துடா!”

“படத்துல நானும் விழுவேனே அக்கா?”

“விழுந்து தொலை. ஆனா ஆடாத.”

“நான் என்ன குரங்கா?”

தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு பாறையோரம் போய் நின்றான். கிளாஸையும் சர்க்கரைக்கட்டியையும் பாறைமேல் தட்டில் வைத்து, கையை உயர்த்தி ஊற்றினான். குரங்கு சிலையாக உட்கார்ந்திருந்தது. வெயில் பாறை நுனியைத் தொட்டுவிட்டது. இட்டோ பொத்தானை அழுத்தவும், மேல்பாதையில் கோவேறு கழுதையோடு ஹம்மாது மாமா வரவும் சரியாக இருந்தது.

“சலாம் பாஸ்ஸூ! வீட்ல சுகமா?”

பெரியவர் கேட்டுவிட்டார். ஊற்றிய கை ஊற்றியபடி இருக்க, அந்த ஒரு வினாடிக்குள் பாஸ்ஸூ திரும்பி, குனிந்து, மறுகையை நெஞ்சில் வைத்துவிட்டான்.

“சுகம் மாமா! அத்தை சுகமா? முட்டிவலி எப்படி இருக்கு? ஆடு குட்டி போட்டுச்சா?”

டீ அவன் செருப்பில் கொட்டியது. குரங்கு சர்க்கரைக்கட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியது. பாறை முழுக்க வெயில்.

படத்தில் அருவி பால். குரங்கு அத்தனை தெளிவு, மீசையை எண்ணலாம். பக்கத்தில் ஓர் ஆள் உயரத்துக்குப் புகை; அதிலிருந்து டீ ஒழுகிக்கொண்டிருந்தது. இட்டோவுக்கு அழுகை வந்தது. வேறு படமில்லை, அதையே அனுப்பினாள்.

இரண்டாம் பரிசு வந்தது. பாஸ்ஸூ அதைக் கடையில் மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் புகையைத் தொட்டுக் காட்டினான்.

“இது நான்தான்!”

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இப்போது ஊரே அவனைப் ‘புகை பாஸ்ஸூ’ என்கிறது. இட்டோ மட்டும் அப்படிக் கூப்பிடுவதில்லை. மூன்று வருடம் அதைக் கேட்டவள் அவள்தானே.