இறங்கிப் பார்த்த புதன்கிழமைகள்

நாற்பத்தேழாம் எண் பேருந்தைப் பதினோரு வருடமாக ஓட்டிவரும் அந்த மனிதருக்கு நகரத்தில் முப்பத்தொரு இடங்கள் தெரியும். முப்பத்தொன்றும் பேருந்து நிறுத்தங்கள். எந்த நிறுத்தத்தில் காலையில் ஈரத்தலையோடு ஏறுவார்கள், எங்கே மழை பெய்தால் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும், எங்கே இறங்குகிறவர்கள் கம்பியை விடாமல் ஒரு கணம் யோசிப்பார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. அங்கிருந்து பத்தடி தள்ளி என்ன இருக்கிறது என்று கேட்டால் மட்டும் திருதிருவென்று விழிப்பார். பணிமனையில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர். பாராட்டி வைத்த பெயரில்லை.

அவர் மனைவி ஒரு துணிக்கடையின் மாடியில் ஆல்டரேஷன் தைப்பவள். நகரத்துக்காரர்களின் இடுப்பளவும் கால் உயரமும் அவளுக்குத் தெரியும்; நகரம் தெரியாது. இருவருக்கும் புதன்கிழமை விடுமுறை. அன்றைக்கு அவர் குழாயைக் கழற்றி மாட்டுவார், அவள் ஃபிரிட்ஜைத் துடைப்பாள். மகள் படிப்புக்காக விடுதிக்குப் போன பிறகு வீட்டில் கழற்றவும் துடைக்கவும் அதிகம் மிச்சமில்லாமல் போயிற்று.

அப்படி ஒரு புதன்கிழமை, கையில் ஈரத்துணியோடு அவள் கேட்டாள்.

"ஏங்க, பன்னெண்டாவது ஸ்டாப்புல ஒரு சூப் கடை இருக்காமே? பேன்ட் சுருக்கக் கொடுத்த பொண்ணு சொல்லுச்சு. எப்பவும் க்யூ நிக்குமாம். நீங்க பாத்ததில்லையா?"

"க்யூவைப் பாத்திருக்கேன். பஸ்ஸுக்குத்தான் நிக்கிறாங்கன்னு நெனச்சேன். கதவைத் தொறந்தா ஒருத்தரும் ஏற மாட்டாங்க. என்ன ஜனங்களோன்னு கிளம்பிடுவேன்."

"பதினோரு வருஷமாவா?"

"பதினோரு வருஷமாத்தான்."

அவள் சிரித்த சிரிப்பில் வாளி கவிழ்ந்தது. தரையைத் துடைத்து முடித்ததும் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "கிளம்புங்க, போய்ப் பாத்துட்டு வருவோம்."

அவருடைய பேருந்திலேயே போனார்கள். புதன்கிழமைகளில் அதை ஓர் இளைஞன் ஓட்டுவான். பயணியாக உட்கார்ந்ததும் அவருடைய வலது கால் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கை அழுத்தினார். "இப்ப போடு… போடு… அடேய், போடுடா" என்று வாய்க்குள் முணுமுணுத்தார். அவள் அவர் முழங்காலில் கையை வைத்து, "அது அவன் வேலை. ஜன்னலைப் பாருங்க" என்றாள்.

அவர் ஜன்னலைப் பார்த்தார். பக்கவாட்டில் பார்க்கும்போது அது வேறு ஊராக இருந்தது. முன் கண்ணாடியில் எப்போதும் எதிர்த்து வரும் தெரு, இப்போது படகுக்குப் பக்கத்தில் தண்ணீர் போகிற மாதிரி மெல்ல வழுக்கிப் போனது. மாடி வீடுகளில் பூந்தொட்டிகள் இருந்தன. ஒரு பலகணியில் ஒருவர் தலையைத் துவட்டியபடியே அசையாமல் நின்றிருந்தார், எதையோ மறந்துவிட்டவர் போல.

சூப் கடையில் ஆறே ஆறு ஸ்டூல்கள். அரை மணி நேரம் காத்திருந்தார்கள். காளான் சூப் வந்தது. ஆவி கண்ணாடியில் படிந்து தெருவை அழித்தது. முதல் கரண்டியை வாயில் வைத்ததும் அவர் கண்ணை மூடினார். வெளியே நாற்பத்தேழு வந்து நின்று, யாரும் ஏறாமல் புறப்பட்டுப் போன சத்தம் கேட்டது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பை அடக்கப் போய் அவளுக்குப் புரையேறியது.

அதன்பின் புதன்கிழமைக்கு ஒரு நிறுத்தம் என்று ஆயிற்று. வரிசைப்படி போகக்கூடாது, புதிதாக ஏதாவது சாப்பிட வேண்டும், எங்கேயாவது சும்மா உட்கார வேண்டும். இவை அவள் போட்ட சட்டங்கள். ஐந்தாவது நிறுத்தத்தின் சந்துக்குள் ஒரு ரொட்டிக் கடை. சூடான ரொட்டியைக் கையில் வாங்கியதும் வெண்ணெய் முழங்கை வரை வழிந்தது. இருபதாவதில் ஒரு கால்வாயும் வாடகைப் படகும் இருந்தன. அவர் துடுப்பை வலிக்க வலிக்கப் படகு நின்ற இடத்திலேயே சுற்றியது. "ஓட்டத் தெரிஞ்ச ஆளுன்னு நம்பி ஏறினேன்" என்று அவள் தண்ணீரில் விரலை விட்டபடி சொன்னாள். வெயில் அவள் மடியில் துண்டு துண்டாக ஆடியது. இருவருக்கும் இறங்க மனம் வரவில்லை.

ஒன்பதாவது வாரம் இருபத்தாறாம் நிறுத்தம். அங்கே பழைய டயர் கிடங்கு ஒன்று. வாசலில் கையால் எழுதிய தாள்: 'புதுப் பாட்டு. பகல் இரண்டு மணி. யாரும் வரலாம்.'

"யாரும்னா நாமளும்தானே?" என்றாள் அவள்.

உள்ளே முப்பது பேர் டயர்கள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். கூரையில் இருந்த கண்ணாடி ஓடு வழியாக வெளிச்சம் தூசியோடு இறங்கியது. ஒருவன் செல்லோ என்கிற பெரிய வயலினை முழங்கால்களுக்கு நடுவே குழந்தை போலச் சாய்த்து வாசித்தான். கருவிகள் பரப்பிய மேசைக்குப் பின்னால், கிராப்பு வெட்டிய ஒரு பெண். தாளமா, மூச்சா என்று சொல்ல முடியாத ஒன்று அந்த இடத்தை மெல்ல நிரப்பியது. மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். இந்த மாதிரிப் பாட்டை அவள் கேட்டதே இல்லை. ஆனாலும் எங்கேயோ மிதக்கவிட்டது போல இருந்தது.

திடீரென்று அவர் நிமிர்ந்தார்.

"என் வண்டிக் கதவு," என்றார்.

"என்னது?"

"அந்தப் புஸ்ஸுங்கற சத்தம். மூடறப்ப கடைசியில ஒரு விக்கல் வருதா? என் வண்டிதான். எந்தக் கூட்டத்துலயும் கண்டுபிடிப்பேன்."

அவள் பதில் சொல்லுமுன் செல்லோ அடங்கியது. அந்த அமைதியில் ஓர் ஆண்குரல், அலுப்பில்லாமல், யாரையோ தட்டிக்கொடுப்பது போலச் சொன்னது.

"யாரும் அவசரப்படாதீங்க. நான் நிக்கிறேன்."

செல்லோ அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தை அப்படியே எடுத்து வாசித்தது. குரல் மறுபடி வந்தது. கதவின் மூச்சு அதன் கீழே தாளமாயிற்று. முன்னால் இருந்த ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யாரு அது, நம்மூர் ஆளு மாதிரி பேசறான்?" என்று அவர் கிசுகிசுத்தார்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்கதான்."

"சீச்சீ. நான் எங்க இப்படியெல்லாம் சொன்னேன்?"

"இருபது வருஷமா கேக்கற குரல் எனக்குத் தெரியாதா?"

தெரியும்தான். ஆனால் அந்தக் குரலில் இருந்த இதம் தெரியாது. வீட்டில் அவர் பேசுவது எல்லாம் சின்னச் சின்ன வாக்கியங்கள்: உப்பு இருக்கா, பூட்டினியா, சார்ஜர் எங்க. இந்த இதத்தை முன்பின் தெரியாத ஜனங்களுக்குத் தினமும் வாரி வழங்கிக்கொண்டிருக்கிறார். அவளுக்குப் பெருமையாக இருந்தது. கூடவே, அதில் தன் பங்கு எங்கே என்றும் தோன்றியது.

பாட்டு முடிந்ததும் மேசைப் பெண் அவர்கள் பக்கம் பார்த்தாள். பார்த்த பார்வை அப்படியே நின்றது. ஓடி வந்தாள்.

"அண்ணே… நீங்க… நாப்பத்தேழு?"

அவருக்கும் இப்போது அடையாளம் தெரிந்தது. காலையில் ஏறி மூன்றாவது கம்பியைப் பிடித்து நிற்கும் மருந்துக்கடைப் பெண். காதில் பெரிய ஹெட்ஃபோன் மாட்டியிருப்பாள். உலகத்தையே காதில் வாங்காத பிள்ளை என்று அவர் நினைத்திருந்தார்.

"ஹெட்ஃபோன்ல பாட்டு கேக்கலண்ணே, பஸ் சத்தத்தைப் பதிவு பண்ணிட்டிருந்தேன்," என்றாள் அவள், குற்றம் செய்தவள் போல. "கேட்டுட்டுத்தான் போட்டிருக்கணும். தப்புதான். நீங்க வேணாம்னா இன்னிக்கே எடுத்துடறேன்."

அவருக்குக் கோபம் வரத்தான் பார்த்தது. தன் சட்டையை வேறு யாரோ போட்டுக்கொண்டு எதிரில் வந்தது போல இருந்தது. "இதை எத்தனை தடவை சொல்றேன்?" என்று மட்டும் கேட்டார்.

"ஒவ்வொரு ஸ்டாப்புலயும் சொல்லுவீங்க. வேலைக்குச் சேந்த புதுசுல தெனமும் அழுதுட்டே வருவேண்ணே. இதைக் கேட்டுட்டுத்தான் இறங்குவேன்."

அவர் மனைவியைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "இருக்கட்டும்மா. ஆனா அந்தக் கதவு விக்கலை நாளைக்கு ரிப்பேர் பண்ணப் போறாங்க. வேணும்னா அதுக்குள்ள இன்னொரு தடவை எடுத்து வச்சுக்க."

தெருமுனையில் ஒரு கடையில் கரியில் மீன் சுட்டுக் காகிதத்தில் தந்தார்கள். நடைபாதைச் சுவரில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முள்ளை எடுத்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"வீட்ல அந்தக் குரலை எங்க வச்சிருக்கீங்க?"

அவர் வெகுநேரம் மென்றார். "வண்டியில கண்ணாடியைப் பாத்துப் பேசறேன். மூஞ்சிக்கு நேரா பேசறப்ப வர மாட்டேங்குது. வெக்கமா இருக்கு."

"கட்டின பொண்டாட்டிகிட்ட என்னங்க வெக்கம்?"

"தெரியல. உங்கிட்டதான் அதிகமா இருக்கு."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. இருபது வருடமாக அலட்சியம் என்று அவள் எண்ணிவைத்திருந்ததற்கு அவர் வேறு பெயர் சொல்லிவிட்டார். தன் காகிதத்தில் இருந்த நல்ல துண்டை எடுத்து அவர் காகிதத்தில் வைத்தாள். மாலை வெளிச்சம் கண்ணாடிக் கட்டடங்களில் பட்டு, தெருவே தேனுக்குள் முங்கியது போலிருந்தது. மூன்று நாற்பத்தேழுகள் போயின. அவர்கள் எழுந்திருக்கவில்லை.

மறுநாளிலிருந்து அவருக்கு அந்த வாக்கியம் வரவில்லை. கதவைத் திறப்பார், வாய் எடுப்பார், நாக்கு ஒட்டிக்கொள்ளும். "என்ன நிதானம், பாட்டுக்காரர் ஆயிட்டியாமே!" என்று பணிமனையில் கலாய்த்தார்கள். நாலாம் நாள் வழக்கமாக வரும் பெரியவர் ஒருவர் படியில் நின்று, "ஏம்ப்பா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டபோதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு வாக்கியமும் வந்தது.

வீட்டிலும் ஏதோ கொஞ்சம் இளகியது. அவள் சமைக்கும்போது, அவர் அடுப்பங்கரை வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து அன்றைய பயணிகளைப் பற்றிச் சொல்வார். முதுகைக் காட்டினால் பேச்சு சுலபமாக வந்தது. அவளும் அவரைத் திரும்பி உட்காரச் சொல்லவில்லை; வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பாள்.

கோடை முடிகிற நேரத்தில் மருந்துக்கடைப் பெண்ணின் குழு ஏரிக்கரைப் பூங்காவில் வாசித்தது. அன்றும் புதன்கிழமை. புல்வெளி நிறையக் கூட்டம். இருவரும் ஆளுக்கொரு கோப்பை எலுமிச்சை ஐஸ்கிரீமோடு ஒரு மரத்தடியில் போர்வையை விரித்தார்கள். ஏரி ஆரஞ்சு நிறத்தில் ஆடாமல் கிடந்தது. காலையில் நாலு மணிக்கே எழுந்து தண்ணீர்த் தொட்டியைக் கழுவியவர் என்பதால், அவருடைய பாட்டுக்கு முந்தைய பாட்டிலேயே அவர் தலை அவள் தோளில் சாய்ந்துவிட்டது.

மேடையில் அந்தப் பெண் மைக்கைப் பிடித்தாள். "இந்தப் பாட்டுக்குச் சொந்தக்காரர் இங்கதான் இருக்கார். அண்ணே, கொஞ்சம் எந்திரிங்க!"

தலைகள் எல்லாம் திரும்பின. மரத்தடியில் மனைவி உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். புல்வெளி முழுக்க ஒரு மெல்லிய சிரிப்பு காற்று போலப் பரவி அடங்கியது. மேடைப் பெண்ணும் புரிந்துகொண்டு, செல்லோக்காரனிடம் கையைத் தாழ்த்திக் காட்டினாள். வழக்கத்தைவிட மெதுவாக, ஏரித் தண்ணீர் கரையைத் தொடுவது போல, பாட்டு தொடங்கியது.

தோளில் கனத்த அந்தத் தலையோடு அவள் முழுப்பாட்டையும் கேட்டாள். இரண்டு கோப்பை ஐஸ்கிரீமையும் அவளே சாப்பிட்டாள்.