ஒண்ணுமில்ல

சங்கிலி மிளகின் விலாவில் விழுந்தபோது முதலில் கத்தியது குதிரை அல்ல, அண்ணன்தான். "பல்ல உடைச்சேல்ல? உடைச்சேல்ல?" அடிக்கு ஒரு கேள்வி. முன்பல் இரண்டும் போன வாயிலிருந்து கேள்வி பாதி காற்றாகவே வந்தது. மிளகு, அந்தக் கறுப்பு மட்டக்குதிரை, கழுத்துக் கயிறு இறுக, கண்ணின் வெள்ளை தெரிய, காலை எங்கே ஊன்றுவது என்று தெரியாமல் உதறிக்கொண்டிருந்தது.

தங்கை ஓடிவந்து குறுக்கே கையை நீட்டினாள். அடுத்த அடி அந்தக் கையில் விழுந்தது. சுண்டுவிரல் பின்பக்கமாகத் திரும்பி நின்றது. அண்ணன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சங்கிலியைச் சுருட்டி லாயத்து ஆணியில் மாட்டினான்.

"நாளைக்குக் கறி லாரி வருது. ஏத்தி விட்டுடு."

"பத்து நாள் குடு. சவாரிப் பள்ளிக்கூடத்து அம்மா குதிரை தேடிட்டு இருக்காங்க. சின்னப் பிள்ளைங்க ஏறுற மாதிரி ஆக்கிக் காட்டுறேன்."

"இதையா?" அவன் சிரித்தான். "காகிதம் பறந்தாலே கூரை மேல ஏறப் பார்க்குது. சரி, பண்ணு. அந்தம்மா வேணாம்னு சொன்ன அன்னிக்கே லாரி."

மறுநாள் லாடம் அடிக்க வந்தவர் அவள் கைக்கட்டைப் பார்த்தார். "விரலுக்கு என்னம்மா?"

"ஒண்ணுமில்லண்ணே. கதவுல மாட்டிக்கிச்சு."

"போன வருஷம் உன் நெத்தியில மோதினதும் அந்தக் கதவுதானே? ரெண்டு பல்லு போனப்புறமும் அதுக்குக் கொழுப்பு அடங்கல போல."

அவள் சிரிக்கவில்லை. அவர் உளியை எடுத்துக்கொண்டு குளம்புக்குக் குனிந்தார்.

சவாரிப் பள்ளிக்கூடத்தில் குதிரையை மிரட்டுகிற குடை இருக்கும், தார்ப்பாய் இருக்கும், உருளுகிற டிரம் இருக்கும். மூன்றையும் தேடி எடுத்தாள். தார்ப்பாயை மிளகை நோக்கிக் கொண்டுபோகவில்லை. அதனிடமிருந்து விலக்கித் தரையோடு இழுத்துப் போனாள். தன்மேல் பாயாமல் ஓடிப்போகிற நீலப் பொருளை மிளகு வெறித்தது. மூக்கு விரிந்தது. ஓரடி வைத்தது. அவள் நின்றாள். அது பின்வாங்கினால் அவளும் பின்வாங்கினாள். அப்படியே அரைநாள் போகும். மூன்றாம் நாள் தார்ப்பாயின் ஓரத்தை மிளகு முன்குளம்பால் சுரண்டிப் பார்த்தது. நான்காம் நாள், கூழாங்கல் போட்ட டிரம் கடகடவென்று உருண்டபோது காதை மட்டும் திருப்பியது.

ஐந்தாம் நாள் விரித்த குடையை மூக்கால் தொட்டது.

அவளுக்கு மனம் நிறைந்துபோயிற்று. கழுத்தைத் தடவக் கையைக் கொண்டுபோனாள். "ஒண்ணுமில்லடா கண்ணு," என்றாள். "ஒண்ணுமில்ல."

மிளகு வெடித்தது. அதற்கு வேறு சொல் இல்லை. முன்கால் இரண்டும் மேலே போயின, குடைக்கம்பி முறிந்தது, தோள் அவளை லாயத்துச் சுவரோடு வைத்து நசுக்கியது. விலாவுக்குள் சுள்ளி ஒடிவதுபோல ஒரு சத்தம். விழுந்தவளின் தலைக்கு ஒரு சாண் தள்ளிக் குளம்பு இறங்கி, செங்கல்லைப் பெயர்த்தது.

வாசலில் நின்ற அண்ணன் கைதட்டினான். "லாரிக்காரனுக்குச் சொல்லிடட்டுமா?"

மறுநாள் அவளால் பேச முடியவில்லை. மூச்சு விட்டாலே விலாவில் கத்தி இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் இல்லாமல் தார்ப்பாயை இழுத்தாள். மிளகு பின்னாலேயே வந்தது. நடுவில் ஏறி நின்றது. வேறொரு குடையை விரித்தாள். அதற்குள் தலையை விட்டது. அன்று முழுக்க ஒரு தடவைகூட மிரளவில்லை.

சாயங்காலம் வைக்கோல்கட்டின்மேல் உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று இருந்தது, இன்று இல்லாதது எது? குடை இரண்டு நாளும் இருந்தது. கையும் இருந்தது. குரல்தான் இல்லை.

முப்பதடி தள்ளிப் போய், விலாவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "ஒண்ணுமில்ல."

மிளகின் காது இரண்டும் பின்னால் ஒட்டிக்கொண்டன. தோல் முழுக்க நடுங்கியது.

அண்ணன் அதனிடம் எப்படி வருவான் என்பது கண்முன் வந்து நின்றது. வலது கை முதுகுக்குப் பின்னால். அதில் சங்கிலி. குரலில் தேன். "ஒண்ணுமில்லடா கண்ணு, ஒண்ணுமில்ல." அப்படிச் சொன்னால்தான் குதிரை நிற்கும், நின்றால்தான் அடி சரியாக விழும். அவன் இதைச் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. அப்பா இடுப்பு பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னது அது. சுவரோரமாக இரண்டு பிள்ளைகள் நின்று கேட்டார்கள். அதில் ஒருவன் அந்தச் சொல்லை அடிப்பதற்கு எடுத்துக்கொண்டான். இன்னொருத்தி அடியை மறைப்பதற்கு.

மிச்சமிருந்த நாட்களில் அவள் பழக்கியது குடையையோ டிரம்மையோ அல்ல. தூரத்தில் நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டுவாள். "ஒண்ணுமில்ல" என்பாள். திரும்பி நடந்துவிடுவாள். அவ்வளவுதான். சொன்னபடியே ஒன்றும் நடக்காது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை. முப்பதடி இருபதானது, இருபது பத்தானது. சொல்லும்போதெல்லாம் அவள் முதுகும் கூசியது. அதைப் பழக்க ஆள் இல்லை.

பத்தாம் நாள் பள்ளிக்கூடத்து அம்மா வேனில் வந்து இறங்கினாள். மிளகின் லாடத்தைச் சரிபார்க்க லாடக்காரரும் வந்திருந்தார். மிளகு தார்ப்பாய்மேல் நடந்தது. குடைக்கு அடியில் நின்றது. டிரம்மை முகர்ந்து தும்மியது.

"இதையா முரடுன்னு சொன்னாங்க?" அந்த அம்மா சிரித்தாள். "நான் போய் வேன் கதவத் திறக்கிறேன்."

அந்த அம்மா முதுகு திரும்பியதும் அண்ணன் வேலியைத் தாண்டி உள்ளே வந்தான். பல் போனதிலிருந்து தெருவே அவனைப் பார்த்துச் சிரித்தது. பல்லை உடைத்தது இங்கே சாதுவாகத் தும்மிக்கொண்டு நிற்கிறது. அவனால் அதைத் தாங்க முடியவில்லை. வலது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"ஒண்ணுமில்லடா கண்ணு."

மிளகு நடுங்கியது. நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்தது. ஆனால் ஓடவில்லை. தங்கையைப் பார்த்தது. அவள் சொல்லித் தந்ததை நம்பி நின்றது.

சங்கிலி உயர்ந்தது. அவள் பாய்ந்து அந்தக் கையைக் கடித்தாள். வாயில் உப்புக் கரித்தது. அவன் அவள் முடியைப் பிடித்துத் தரையில் அடித்தான்; சங்கிலி நெற்றியைக் கிழித்தது. அடுத்த வீச்சு இறங்குவதற்குள் லாடக்காரர் பின்னாலிருந்து அவன் கழுத்தை முழங்கையால் வளைத்து வேலிக்கட்டையில் முகத்தை மோதினார். ஒரு தடவை. இன்னொரு தடவை. மூக்கு உடைகிற சத்தம் அவளுக்கு நன்றாகக் கேட்டது.

"மிச்சப் பல்லையும் நானே எடுத்துடவாடா?"

மிளகு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. வாசல் திறந்துதான் கிடந்தது. தெரு வரைக்கும் போயிருக்கலாம். போகவில்லை. மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பத்து நாளைக்கு முன் பார்த்து மிரண்டு பின்வாங்கிய அந்த நீலத் தார்ப்பாயின் நடுவில் போய் ஏறி, மூச்சிரைக்க நின்றுகொண்டது.

பள்ளிக்கூடத்து அம்மா ஓடிவந்தாள். தார்ப்பாய்மேல் குதிரை. வேலியோரம் முகமெல்லாம் ரத்தமாக ஒருவன். மண்ணில் ஒருத்தி.

"ஐயோ, நெத்தியில ரத்தம்! என்னம்மா ஆச்சு?"

அந்தச் சொல் தானாகவே அவள் நாக்குக்கு வந்தது. அண்ணன் அதற்காகத்தான் காத்திருந்தான். வீங்கின கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அதை விழுங்கினாள். அதற்கு நேரம் பிடித்தது.

"எங்கண்ணன் அடிச்சான்," என்றாள். "விரலும் அவன்தான். போன வருஷம் நெத்தியும் அவன்தான்."

லாடக்காரர் பிடியைத் தளர்த்தாமலே தலையைக் குனிந்துகொண்டார். "கதவுன்னு சொல்லிடுவியோன்னு பயந்துட்டேம்மா."

"கதவு இல்லண்ணே."

அந்த அம்மா குதிரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "வேன்ல முன்னாடி ஒரு ஆள் உட்கார இடம் இருக்கு," என்றாள்.

அவள் எழுந்து விலாவைப் பிடித்துக்கொண்டு தார்ப்பாய் வரைக்கும் நடந்தாள். மிளகு இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அவளும்தான். இரண்டு பேரும் அடங்கும்வரை ஒன்றும் சொல்லாமல் அதன் பக்கத்தில் நின்றாள்.