தள்ளு குடம்

மல்லனப்பள்ளியில் சாந்தம்மாவின் வீட்டுக்கு ‘இல்லைன்ன வீடு’ என்று பெயர். வறுமையால் வந்த பெயர் அல்ல. நாலு ஏக்கர் கேழ்வரகுக் கொல்லையும் இரண்டு எருமையும் உள்ள வீடுதான். என்றோ ஒரு காலத்தில் அந்த வீட்டுக்காரி ஒருத்தி ஒரு வார்த்தை சொல்லப்போக, பேர் ஒட்டிக்கொண்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கதை இதுதான். மைசூர் சீமையிலிருந்து நிறைசூலி ஒருத்தி கொளுத்தும் வெயிலில் நடந்து வந்தாளாம். ஊரில் முதல் வீடு இந்த வீடு. வாசலில் கிணறு, கிணற்றடியில் நிறைகுடம். “ஒந்து சொம்பு நீரு கொடம்மா” என்று கேட்டாளாம். வீட்டுக்காரிக்கு என்ன எரிச்சலோ, மாமியாரோடு சண்டையோ, அடுப்பில் களி தீய்ந்ததோ, “தண்ணி இல்லை, போ” என்று சொல்லிவிட்டாளாம். வந்தவள் நூறடி நடந்து பாறைமேல் உட்கார்ந்தாள், உட்கார்ந்தபடியே கல்லானாள். அவள் காலடியில் ஊற்று பொத்துக்கொண்டு வந்தது. அதே நேரம் இந்த வீட்டுக் கிணறு வற்றிப்போனது. தாகத்தோடு கல்லானவளுக்குத் தாகத்தம்மா என்று பேர் வைத்து, சுற்றி நாலு சுவர் எழுப்பி, ஊர் கும்பிட ஆரம்பித்தது.

கும்பிட்டதோடு விட்டார்களா? தண்டனையும் வைத்தார்கள். சித்திரைத் திருவிழாவில் முதல் குடத்தை இந்த வீட்டு மருமகள்தான் சுமந்து வரவேண்டும். அன்று விடிந்ததிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் அவள் தொண்டையில் இறங்கக்கூடாது. கோயில் வாசற்கல்லருகே பூசாரி மறித்து, “யாரு வீட்டுத் தண்ணி?” என்று மூன்று தடவை கேட்பார். “இல்லைன்ன வீட்டுத் தண்ணி” என்று மூன்று தடவையும் ஊர் கேட்க அவள் சொல்லவேண்டும். “அம்மாவுக்கு வேணாம்” என்று சொல்லி, பூசாரி இடது கையால் குடத்தை வாங்கி வாசற்கல்மேல் கவிழ்த்துவிடுவார். அப்புறம் அம்மனின் சொந்த ஊற்றில் தண்ணீர் எடுத்து அபிஷேகம் நடக்கும். கவிழ்க்கிற குடத்துக்குத் தள்ளு குடம் என்று பேர். தண்ணீர் என்னவோ ஊர்க்கிணற்றில் இறைத்ததுதான். ஆனாலும் இந்த வீட்டுக்காரி தலையில் ஏறிவிட்டால் அது இல்லைன்ன வீட்டுத் தண்ணீராகிவிடும். என்ன நியாயமோ!

சாந்தம்மா இருபத்துநாலு வருஷம் அந்தக் குடத்தைச் சுமந்தாள். முதல் வருஷம் அவளுக்குப் பதினேழு வயசு. குடம் கவிழ்ந்த சத்தத்தில் உடம்பே கூசிப்போய், வீட்டுக்கு வந்து மூலையில் உட்கார்ந்து அழுதாள். “அழுவாதடி. நானுந்தான் அழுதேன். பத்து வருஷம் போனா பழகிடும்” என்றாள் மாமியார் நஞ்சம்மா. நஞ்சம்மா அந்த வீட்டில் நாற்பது வருஷம் வாழ்ந்து செத்தும் போனாள். சாந்தம்மாவுக்கு மட்டும் பழகவே இல்லை.

அந்த வீட்டில் யார் வந்து எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். உப்போ, நெருப்போ, ஏர்க்கலப்பையோ, கேட்டால் உண்டு. இதைத் தெரிந்துகொண்டு ஊரில் பாதிப் பேர் அங்கேதான் கைநீட்டுவார்கள். வாங்கிக்கொண்டு போகிறவர்களே திருவிழாவன்று முன்வரிசையில் நின்று குடம் கவிழ்வதை வேடிக்கை பார்ப்பார்கள். மனுஷ ஜாதி என்றால் அப்படித்தான் போலிருக்கிறது.

மெட்ராஸ் ராஜ்யம் தமிழ்நாடு என்று பேர் மாறிய அந்த வருஷம், சாந்தம்மாவின் மகன் திம்மப்பனுக்குப் பாகலூரில் பெண் பார்த்தார்கள். பெண் பேர் நாராயணம்மா. நல்ல பெண், தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் சரளமாகப் பேசுவாள். எல்லாம் பிடித்துப்போய் வெற்றிலை பாக்கு மாற்றுகிற நேரத்தில், பெண்ணின் தாய் லட்சுமியம்மாள் ஒரு வார்த்தை போட்டாள்.

“பொண்ணு குடுக்கறதுல எங்களுக்குச் சந்தோசந்தான் அக்கா. ஆனா மருமக வந்ததும் அந்தத் தள்ளு குடம் அவ தலைக்கு வருமாமே? எம்பொண்ணு என்னா பாவம் பண்ணினா, ஊரு முன்னால தலைகுனிஞ்சு நிக்க? திருவிழாவுக்கு நாங்க வர்றோம். கண்ணால பாத்துட்டு அப்புறம் சொல்றோம்.”

சாந்தம்மாவுக்கு அவள்மேல் கோபமே வரவில்லை. தன்னைப் பெற்றவள் அன்றைக்கு இப்படி ஒரு வார்த்தை கேட்காமல் போனாளே என்றுதான் வருத்தமாக இருந்தது. இந்தப் பெண் தலையில் அந்தக் குடம் ஏறக்கூடாது என்று அங்கேயே மனசுக்குள் முடிவு பண்ணிக்கொண்டாள். நேரே பூசாரி ஆஞ்சப்பனிடம் போய்க் கேட்டாள்.

“என்னோட இது நிக்கட்டும் அண்ணா.”

ஆஞ்சப்பன் கெட்ட மனுஷன் இல்லை. பயந்த மனுஷன். “நான் என்னா பண்ணுவேன் சாந்தம்மா? எங்கப்பன் கவுத்தான், நான் கவுக்கிறேன். ஏற்கெனவே ரெண்டு வருஷமா மழை இல்ல. நிறுத்தின வருஷம் இன்னும் ஏதாச்சும் ஒண்ணு ஆனா, ஊரு என் தலையைத்தான் உருட்டும்” என்றார்.

வீட்டுக்காரன் சென்றாயனிடம் சொன்னால் அவன், “விடு சாந்தா, ஊரோட ஒத்துப் போவோம்” என்றான். குடம் சுமக்காதவனுக்கு ஒத்துப்போக என்ன கஷ்டம்?

மழை இல்லாதது நிஜம்தான். தை மாசமே ஊர்க்கிணறு சேறாகிவிட்டது. அதுவரைக்கும் வற்றாத தாகத்தம்மாவின் ஊற்றும் மாசி மாசம் நின்றுபோனது. பஞ்சாயத்து யூனியன் ஓவர்சீயர் உத்தனப்பள்ளியிலிருந்து சைக்கிளில் வந்து, ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பள்ளமான இடம் இதுதான் என்று சாந்தம்மா வீட்டுப் பாழுங்கிணற்றைக் காட்டினார். ஊர் கலகலவென்று சிரித்தது. அம்மன் சபிச்ச கிணற்றில் தண்ணியாம்! ஓவர்சீயருக்கு சாபமெல்லாம் தெரியாது. வெடி வைக்க ஆள் அனுப்பிவிட்டுப் போய்விட்டார்.

வந்தவன் யேசுராஜ். பர்கூர்ப் பக்கம் கல்லுடைக்கிறவன். மூன்று கூலியாட்களோடு வந்து, பாறையில் கடப்பாரையால் துளை போட்டு, மருந்து கெட்டித்து, தினம் இரண்டு வெடி வைத்தான். சாந்தம்மாதான் அவர்களுக்குக் கூழும் மோரும் கொடுத்தாள். ஒரு மத்தியானம் மோர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு கோயிலைக் காட்டி, “அது என்னா சாமிங்கம்மா?” என்று கேட்டான். சாந்தம்மா கதை முழுவதும் சொன்னாள். தள்ளு குடத்தையும் சொன்னாள். அவன் மோரைக் குடிக்காமலே கேட்டுக்கொண்டிருந்தான்.

“அப்புறம் அந்தம்மா தண்ணி குடிச்சாங்களா?” என்றான்.

“என்னாது?”

“இல்லைங்கம்மா, தண்ணி கேட்டாங்கன்னு சொன்னீங்க. கல்லாயிட்டாங்க. சரி. அதுக்கப்புறமாச்சும் யாராச்சும் குடுத்தாங்களான்னு கேட்டேன்.”

“ஊத்து நிக்கற வரைக்கும் அந்தத் தண்ணியில தினம் அபிசேகம் பண்ணினாங்களே.”

“அது அவங்க தண்ணிதானுங்களே. அவங்களுதை எடுத்து அவங்களுக்கே ஊத்தறது எப்படிக் குடுத்ததாவும்?” யேசுராஜ் மோரை அண்ணாந்து குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான். “எங்க சாமியும் சிலுவையில தாகமாயிருக்குன்னுதான் சொன்னாரு. புளிச்ச காடியைத்தான் நீட்டினாங்க. ஏன் கேட்டேன்னா, அதான். தப்பா நினைக்காதீங்கம்மா.”

சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குக் கிணற்றில் இறங்கிவிட்டான். சாந்தம்மாவுக்குத்தான் அன்று முழுக்க வேலை ஓடவில்லை. இருபத்துநாலு வருஷமாக இந்தக் கதையைத் தன் வெட்கமாகவே நினைத்துக் குமைந்திருக்கிறாள். அந்தப் பிள்ளைத்தாய்ச்சியின் தொண்டையை ஒரு நாளாவது நினைத்திருக்கிறாளா?

பங்குனி இரண்டாம் வாரம் தண்ணீர் பீறிட்டது. வெடிப்புகை அடங்குவதற்குள் கணுக்கால் அளவு, சாயங்காலத்துக்குள் இடுப்பளவு. பளிங்கு மாதிரித் தண்ணீர். சிரித்த ஊர் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றது. சாந்தம்மா யாரையும் தடுக்கவில்லை; அந்த வீட்டில் அது வழக்கமே இல்லையே. குடிக்கிற வாய் சும்மா இருக்குமா? “இது உங்க கிணத்துத் தண்ணின்னு நினைக்காத சாந்தம்மா, அம்மா ஊத்துதான் பூமிக்குள்ளால இந்தப் பக்கம் திரும்பியிருக்குது” என்று ஒரு கிழவி விளக்கம் சொல்லிவிட்டு, இரண்டு குடம் நிரப்பிக்கொண்டு போனாள்.

அப்படியானால் அபிஷேகத்துக்கும் அதையே எடுக்கலாம்தானே? அதுதான் கூடாதாம்! ஊர் கூடிப் பேசி, தென்பெண்ணை ஆற்றிலிருந்து மாட்டுவண்டியில் இரண்டு பீப்பாய் தண்ணீர் கொண்டுவர ஆள் அனுப்பினார்கள். போக வர ஒரு பகல் ஆகும். தாங்கள் குடிக்க இந்தக் கிணறு, அம்மனுக்கு மட்டும் பத்து மைல் தள்ளி ஆறு.

திருவிழாவன்று லட்சுமியம்மாள் சொன்னபடியே பாகலூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, பெண்கள் பக்கம் நின்றாள். பீப்பாய் வண்டி கோயில் ஓரமாக நின்றது. ஆற்றில் ஓட்டம் நின்றுபோய்க் குட்டையில் மொண்டதால் தண்ணீர் செந்நிறமாக இருந்தது. மேளம் அடித்தது.

சாந்தம்மா தலைக்குக் குளித்து, ஈரப் புடவையோடு, தன் வீட்டுக் கிணற்றில் தானே இறைத்த குடத்தோடு வந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தலைமேல் தளும்பிய தண்ணீர் நெற்றியில் வழிந்து உதட்டோரம் இறங்கியது. நக்கக்கூட அவளுக்கு உரிமை இல்லை. இப்படித்தானே அந்தப் பிள்ளைத்தாய்ச்சிக்கும் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள்.

வாசற்கல்லருகே ஆஞ்சப்பன் மறித்தார். மேளம் நின்றது.

“யாரு வீட்டுத் தண்ணி?”

சாந்தம்மா வாயைத் திறந்தாள். வருஷா வருஷம் வந்த வார்த்தை வரவில்லை.

“காலையில நீ குளிச்ச தண்ணி, ஆஞ்சப்பண்ணா.”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆஞ்சப்பன் முகம் வெளிறிவிட்டது. “விளையாடாத சாந்தம்மா. யாரு வீட்டுத் தண்ணி?”

“இதோ நிக்கறாங்களே, இவங்க அத்தினி பேரும் குடிச்சிட்டு வந்த தண்ணி.”

சிரிப்பு அடங்கிப்போனது. சென்றாயன் கூட்டத்திலிருந்து, “சாந்தா!” என்று அதட்டினான். அவள் திரும்பவில்லை. ஆஞ்சப்பன் மூன்றாம் தடவை கேட்டபோது குரல் பாதி கெஞ்சலாக இருந்தது. “சொல்லிடும்மா. யாரு வீட்டுத் தண்ணி?”

“இல்லைன்ன வீட்டுத் தண்ணி!” என்றாள் சாந்தம்மா. இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் தலைநிமிர்ந்து சொன்னது அன்றைக்குத்தான். “எங்க வீட்டுக்காரி ஒரு நாளு இல்லைன்னா. தப்புதான். தவிச்ச வாய்க்குத் தண்ணி குடுக்காதது பெரிய பாவம். அதுக்குத்தான் வருஷா வருஷம் கொண்டாந்து நிக்கறோம். எங்க மாமியா கொண்டாந்தா, அவளுக்கு மாமியா கொண்டாந்தா. வேணாம்னு அம்மா உங்கிட்ட எப்ப சொன்னா? அவ தண்ணிதானய்யா கேட்டா! இன்னும் ஒருத்தர் கையாலயும் அவளுக்குக் கிடைக்கல. எங்க வீடு ஒரு தடவைதான் இல்லைன்னுச்சு. இந்த ஊரு வருஷா வருஷம் இல்லைங்குதே!”

வண்டி மாடு தலையை ஆட்ட, கழுத்து மணி மட்டும் ஒரு தடவை குலுங்கியது. பின்னாலிருந்து ஒரு பெரியவர், “வழக்கம்னு ஒண்ணு...” என்று ஆரம்பித்தார். என்ன தோன்றியதோ, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

ஆஞ்சப்பன் இடது கையை நீட்டினார். சாந்தம்மா குடத்தைக் கொடுத்தாள். வேறென்ன செய்ய முடியும்? சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. குடம் சாய்ந்தது; கொஞ்சம் தண்ணீர் சிந்தி அவள் பாதத்தை நனைத்தது. இனி அந்தச் சத்தம் வரும் என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள். பாகலூர்க்காரி பார்த்துக்கொண்டிருக்கிறாள். எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

சத்தம் வரவில்லை.

கண்ணைத் திறந்தபோது குடம் ஆஞ்சப்பனின் வலது கைக்கு மாறியிருந்தது. வாசற்கல்லைத் தாண்டி உள்ளே போனார். விளக்கொளியில் அவர் முதுகுதான் தெரிந்தது. அபிஷேகம் செய்யவில்லை அவர். ஒரு சொம்பில் மொண்டு, கல்லின் முகத்தருகே கொண்டுபோய், பிள்ளைக்குப் புகட்டுவதுபோல மெள்ள மெள்ளச் சாய்த்தார். “குடிம்மா, குடி” என்று அவர் சொன்னது வெளியே வரைக்கும் கேட்டது. கூட்டத்தில் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள், அப்புறம் இன்னொருத்தி. சாந்தம்மாவுக்கு நஞ்சம்மாவின் நினைப்பு வந்துவிட்டது. நாற்பது வருஷம்! அவளும் இதைப் பார்த்திருக்கலாமே என்று அடக்கமாட்டாமல் அழுதாள்.

ஆஞ்சப்பன் மீதித் தண்ணீரோடு சொம்பை வெளியே கொண்டுவந்து அவளிடம் நீட்டினார். “நீயும் விடியல்லருந்து தவிச்சுப்போயிருக்க. குடி” என்றார். சாந்தம்மா ஊர் முன்னால் அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரில் அபிஷேகத்தை முடித்து, ஆஞ்சப்பன் வெறுங்குடத்தை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். பீப்பாய்த் தண்ணீரை அன்று சாயங்காலம் மாடுகள் குடித்தன.

கூட்டம் கலைந்ததும் லட்சுமியம்மாள் பக்கத்தில் வந்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது. “நல்ல வேளைக்கா. இனிமே இந்த வழக்கத்தை எடுத்துடுவாங்க இல்ல? எம்பொண்ணு குடம் தூக்க வேணாமில்ல?”

ஆறு மாசமாக அந்த ஒன்றுக்காகத்தான் சாந்தம்மா தவித்தாள். இப்போது கோயில் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

“தூக்கணும்மா” என்றாள். “நாங்க கொண்டாரலைன்னா அவளுக்கு யாரு தண்ணி குடுப்பாங்க?”

லட்சுமியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சாந்தம்மா கையிலிருந்த வெறுங்குடத்தை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு, கிணறு எந்தப் பக்கம் என்று கேட்டாள்.