முன்கண்ணாடியில் ஒட்டிய கல்யாணம்

காலை ஆறரைக்குக் குளியலறையில் ரத்தத்தைப் பார்த்தேன். ஒரு ரூபாய் காசு அளவு, பழுப்பும் சிவப்புமாக. ஏழாவது வாரம். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். போன வருஷமும் இப்படித்தான் ஆரம்பித்தது. மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துபோனது.

வெளியே வந்து விஷயத்தைச் சொன்னதும் மாமியார் நளினியம்மா செய்த முதல் காரியம், ஜன்னலைச் சாத்தியது.

“மெல்லப் பேசு மோளே. மூணு மாசம் ஆகல. வெளியில தெரியக் கூடாது.”

“அம்மா, எனக்கு ரத்தம் போகுது. இப்ப ஜன்னலா முக்கியம்?”

“படுத்துக் காலைத் தூக்கி வை. நேத்து வாளியத் தூக்காதேன்னு தலையால அடிச்சிக்கிட்டேன்.”

நான் தூக்கியது அரை வாளித் தண்ணீர். அதற்குள் என் கணவர் பிரஜீஷ் போனில் எதையோ தேடிப் பிடித்து வந்து நின்றார்.

“ஷிம்னா, பயப்படாதே. நாலுல ஒருத்திக்கு இப்படி வருமாம்.”

“அந்த ஒருத்தி நான்தான் ஏட்டா. வண்டிய எடுங்க.”

“இன்னைக்கு ஹர்த்தாலாச்சே.”

கடையும் வண்டியும் முடங்கும் இந்த ஹர்த்தால் எதற்கு என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் எல்லா வீட்டிலும் முதல்நாளே கோழி வாங்கி வைத்திருந்தார்கள். டாக்டரைக் கூப்பிட்டேன். பத்து மணிக்கு ஸ்கேன் பார்க்கலாம், வா என்றார்.

ஹர்த்தாலன்று வண்டி ஓட வேண்டுமானால் முன்கண்ணாடியில் காரணத்தை எழுதி ஒட்ட வேண்டும். ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் போகிற வண்டியை எந்தக் கட்சிக்காரரும் தடுப்பதில்லை. பிரஜீஷ் மழையில் நனைந்துகொண்டு எதையோ ஒட்டினார். என்ன என்று நான் பார்க்கவில்லை. மாமியாரின் உத்தரவுப்படி பின்சீட்டில் படுத்து அவர் மடியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அடிவயிற்றில் சின்னதாக ஏதாவது இழுத்தாலும் உயிர் போய் வந்தது.

ஜங்ஷனில் குறுக்கே ஒரு தென்னங்கட்டை. கொடியும் மைக்குமாக நான்கு பேர். முன்னால் வந்தவர் எங்கள் ஊரில் ஆட்டோ ஓட்டும் பவித்ரேட்டன்.

“யாருக்குக் கல்யாணம் பிரஜீஷே? எங்களுக்கெல்லாம் சொல்லவே இல்லையே!”

“அது... மாமா பொண்ணுக்கு.”

“கர்க்கடக மாசத்துலயா? கல்யாணமே வைக்காத மாசத்துல எவன்டா முகூர்த்தம் குறிச்சது?”

இன்னொருவர் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். “பொண்ணு நைட்டியிலேயே கிளம்பிட்டா போல!”

நால்வரும் சிரித்தார்கள். நான் எழுந்து உட்கார்ந்தேன்.

“ஏட்டா, என்னத்தை ஒட்டி வச்சிருக்கீங்க?”

பிரஜீஷ் திரும்பிப் பார்க்கவில்லை. “டிக்கியில பழைய தாள் கிடந்தது. சித்திரையில கல்யாணத்துக்குப் போனப்ப ஒட்டினது. ஆஸ்பத்திரின்னு ஒட்டினா யாருக்கு என்னன்னு ஊரே கேட்கும்னு அம்மாதான்...”

போன வருஷம் யாருக்கும் தெரியாததால் ஊர் கேட்கவில்லை. எல்லாம் முடிந்த நான்காம் நாள் பக்கத்து வீட்டு விருந்தில் இலை போட்டு, சாம்பார் ஊற்றினேன். ‘இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா?’ என்று கேட்டவர்களுக்கெல்லாம் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும். கதவைத் திறந்துகொண்டு மழையில் இறங்கினேன்.

“பவித்ரேட்டா, எனக்கு ஏழு வாரம். காலையிலிருந்து ரத்தம் படுது. போன வருஷம் ஒண்ணு போச்சு. இதாவது இருக்கா இல்லையான்னு பார்க்கப் போறேன். கட்டையத் தள்ளுறீங்களா, நானே தள்ளட்டுமா?”

“மோளே, மெல்ல...” உள்ளிருந்து மாமியார்.

“இன்னொரு தடவை மெல்லன்னு சொன்னீங்க, இவங்க மைக்கை வாங்கிச் சொல்லுவேன்!”

யாரும் சிரிக்கவில்லை. பவித்ரேட்டன் கொடியைத் தரையில் போட்டார்.

“நீ தொடாதே மோளே. ஏறு. ஏறி உட்காரு.”

நான்கு பேரும் கட்டையைத் தூக்கி ஓரத்தில் போட்டார்கள். பவித்ரேட்டன் தாளைக் கிழித்தெடுத்து, பின்பக்கத்தில் ‘ஆஸ்பத்திரி’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினார். “அடுத்த ஜங்ஷன்லயும் நம்ம ஆளுங்கதான். கூப்பிட்டுச் சொல்லிடுறேன்.”

சொல்லித் தொலைத்தார். அடுத்த இரண்டு ஜங்ஷனிலும் வழி திறந்திருந்தது. இரண்டாவதில், முன்பின் பார்த்திராத ஒரு மனிதர் குடையோடு ஓடி வந்து, “இப்ப ரத்தம் நின்னிருச்சா தங்கச்சி?” என்று கேட்டார். மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஸ்கேன் அறையில் சுஹறா டாக்டர் திரையைத் தன் பக்கமே வைத்து வெகுநேரம் பார்த்தார். நான் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார்.

“துடிக்குது, பாரு.”

பார்த்தேன். அரிசிமணி அளவில் ஏதோ விட்டுவிட்டு மின்னியது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“ஆரம்பத்துல இப்படி லேசாப் படுறது நிறைய பேருக்கு உண்டு. துடிப்பு வந்துட்டா பெரும்பாலும் நல்லபடியாத்தான் போகும். ஆனா முழு உத்தரவாதம் நான் தர முடியாது. ஒரு மணி நேரத்துல ஒரு பேட் நனைஞ்சாலோ, வயிறு சுருட்டி வலிச்சாலோ, தலை சுத்தினாலோ உடனே வந்துடணும். சரி, காலைத் தூக்கி வச்சுப் படுக்கச் சொன்னது யாரு?”

மாமியார் மின்விசிறியைப் பார்த்தார்.

“நீ வாளி தூக்கினதால வந்ததும் இல்ல, காலைத் தூக்கினா நிக்கப் போறதும் இல்ல.”

திரும்பி வரும்போது தூரத்திலேயே எங்கள் வண்டியைப் பார்த்துவிட்டுக் கட்டையைத் தூக்கிவிட்டார்கள். பவித்ரேட்டன் கிட்டே வந்தார். கேட்க வாயெடுத்தவர் கேட்காமல் நின்றார். பிரஜீஷ் தன் அம்மாவைப் பார்த்தார்.  மாமியார் கண்ணாடியைத் தானே இறக்கி, மழைச்சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார்.

“துடிப்பு இருக்கு பவித்ரா!”

சாயங்காலத்துக்குள் ஏழு வீட்டிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். பப்பாளி தொடாதே, இடதுபக்கம் படு, படியேறாதே என்று ஆளுக்கொரு யோசனை. பவித்ரேட்டனின் மனைவி ஒரு தூக்குக் கஞ்சியோடு வந்து ராத்திரிவரை நகரவே இல்லை. ரத்தம் இன்னும் கொஞ்சம் பட்டுக்கொண்டுதான் இருந்தது. இவர்கள் எல்லோரும் எப்போது கிளம்புவார்கள் என்று எனக்கு ஒரே எரிச்சல். போன வருஷம் எரிச்சல்படக்கூட ஒருவரும் வரவில்லை.