கிண்டலில் வந்த ஐரிஷ்

ஐரிஷில் புல்லுக்கும் மனிதனுக்கும் நெடில் குறில்தான் வித்தியாசம். 'மாடு புல் தின்றது' என்று வாசிக்கச் சொன்னால், என்னிடம் ஐரிஷ் படிக்கும் இந்த டப்ளின் பையன்கள் நெடிலைக் குறிலாக்கி, மாட்டை மனிதனையே தின்ன வைத்துவிடுவார்கள். ஏரிக்கு 'லாஹ்' என்று தொண்டையிலிருந்து காற்று வரவேண்டும். இவர்கள் 'லாக்' என்று பூட்டுப் போடுவார்கள். நான் கானமாராக் கடலோரத்துக்காரி, வீட்டிலேயே ஐரிஷ் பேசி வளர்ந்தவள். தினமும் என் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினார்கள்.

அதில் முதல் ஆள் பள்ளிக் கடைசி வருஷத்து மாணவன் டீன் கெயோ. அவனுக்கோ ஆரம்பப் பள்ளி வாத்தியாராக ஆசை. ஐரிஷ் வாய்மொழித் தேர்வில் கோட்டைவிட்டால் அந்த ஆசையை மறந்துவிட வேண்டியதுதான்.

ஒருநாள் மதியம் வகுப்புக்குத் திரும்பினால், உள்ளே என் குரல் கேட்டது, ஐரிஷில்.

"கதவைச் சாத்து! புத்தகத்தைத் திற! கடவுளே, இதுங்களை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்!"

டீன்தான். இடுப்பில் கைவைத்து, என்னைப்போலவே தலையை ஆட்டிக்கொண்டு நின்றான். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஊரைவிட்டு வந்தவளின் பேச்சைக் கேலி செய்தால் வலிக்காதா? நாலு வாங்கு வாங்கலாம் என்றுதான் உள்ளே நுழைந்தேன். அப்போதுதான் உறைத்தது. குறில், நெடில், தொண்டைக் காற்று, எதுவும் பிசகவில்லை.

"இன்னொரு தடவை சொல்லு."

"ஸாரி மிஸ், சும்மா விளையாட்டுக்கு..."

"சொல்லுடா, நல்லாத்தானே இருந்துச்சு. வகுப்புல ஏன் அப்படிப் பேச மாட்டேங்கிற?"

"நெஜமாப் பேசினா 'பெரிய இவன்'னு ஓட்டுவானுங்க மிஸ். கிண்டல்னா தப்பிச்சுக்கலாம்."

"அப்ப பரீட்சையிலயும் என்னைக் கிண்டல் பண்ணு."

பின்வரிசையிலிருந்து ஒருவன், "பாவாடையும் கட்டிக்கிட்டுப் போகணுமா மிஸ்?" என்றான். நானும் சிரித்துவிட்டேன்.

அதன்பின் தினமும் மதியம் என்னைக் கிண்டல் செய்தே பழகினான். தேர்வன்று எனக்குத்தான் கைகால் ஓடவில்லை. அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல் தேர்வறைக் கதவருகே நின்றேன்.

"உனக்குக் கானமாராவுல சொந்தக்காரங்க இருக்காங்களா?" என்று தேர்வாளர் ஐரிஷில் கேட்டார்.

"இல்லைங்க. எங்க மிஸ் அந்த ஊரு. அவங்களைக் கேலி பண்ணத்தான் இப்படிப் பேச ஆரம்பிச்சேன். இப்போ ஐரிஷ்னா எனக்கு வேற குரலே வரமாட்டேங்குது."

இந்த ஊரில் என் பேச்சைக் கேலியில்லாமல் ஒருவன் பேசி நான் கேட்டது அதுதான் முதல்முறை. பலகையில் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை, கண் அப்படிக் கலங்கியிருந்தது.